வெலையைப் பாக்காதீங்க, வெளிச்சத்தைப் பாருங்க: கும்பகோணம் பட்டிமன்றத்துல எங்க அணி பேச்சு

நடுவர் ஐயாவுக்கும், பாய் விரிச்சு உக்காந்திருக்கிற தாய்மாருங்களுக்கும், பின்னாடி நின்னு போன்ல வீடியோ எடுத்துகிட்டிருக்கிற தம்பிங்களுக்கும் வணக்கம்.

தினமும் நாம எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுற போட்டோ நல்லா வர்றதுக்கு முக்கியம் காஸ்ட்லி கேமராவா, வெளிச்சம் பாக்கத் தெரிஞ்ச கண்ணா, இதான் தலைப்பு. நான் கண்ணு பக்கம். எனக்கு முன்னாடி பேசின தம்பி, லட்ச ரூபா கேமராவும் தனி லென்ஸும் இல்லாம ஒரு படம்கூட உருப்படியா வராதுன்னு அடிச்சு சொல்லிட்டுப் போயிட்டாரு. தம்பி, அதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

தாராசுரம் இங்கேருந்து பக்கந்தான, அந்தக் கோயில் முன்மண்டபத்துல ரெண்டாம் ராஜராஜன் காலத்து கல்லு சக்கரமும் குதிரையும் இருக்கு, எல்லாரும் பாத்திருப்பீங்க. உச்சி வெயில்ல போயி எந்த கேமரால எடுத்தாலும் அந்தச் சக்கரம் சப்பையா, வெறும் சாம்பல் கலர்ல ஒரு வட்டமாத்தான் வரும். அதே சக்கரத்தை காலைலயோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டுல வந்து விழறப்ப சாதாரண போன்ல எடுங்க, ஒவ்வொரு ஆரத்துக்கும் பக்கத்துல ஒரு நிழல் விழுந்து கல்லுல செதுக்கினது அப்படியே எழும்பி வரும். லென்ஸ் மாறல தம்பி, வந்து நின்ன நேரந்தான் மாறிச்சு. அதுக்குக் காசு ஆகுமா?

சரி, வீட்டு வாசலுக்கு வாங்க. மார்கழில நம்ம பொண்ணுங்க பனில குனிஞ்சு ஒரு மணி நேரம் கோலம் போடுதுங்க, போட்டு முடிச்சு ஓரத்துல நின்னு போனை சாய்ச்சு ஒரு கிளிக், கோலம் முட்டை மாதிரி நீண்டு போயிருது, கூடவே நம்ம செருப்பும் படத்துல வந்துருது. திண்ணை மேலயோ ஒரு ஸ்டூல் மேலயோ ஏறி, போனை தரைக்கு சமமா படுக்கப் பிடிச்சு எடுங்க. கேமரா செட்டிங்ஸ்ல கிரிட்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணா குறுக்கயும் நெடுக்கயும் கோடு வரும், கோலத்தோட நடுப்புள்ளியை அந்தக் கோடுங்களுக்கு நடுவுல இருக்கிற கட்டத்து மத்தில வச்சாலே போதும். மாவு வெள்ளை ரொம்ப வெளுத்து அடிச்சா கோலத்து மேல விரலை வச்சுத் தொடுங்க, சூரியன் படம் ஒண்ணு தெரியும், அதை லேசா கீழ இழுங்க, ஒவ்வொரு இழையும் தனியாத் தெரியும்.

ஆத்தாவை எடுக்கணுமா? நடு ஹால்ல டியூப் லைட்டுக்குக் கீழ உக்கார வச்சு ஃபிளாஷ் அடிக்காதீங்க. திண்ணைல தெருவைப் பாத்து உக்கார வைங்க, உள்ள லைட்டை அணைச்சுருங்க, இல்லன்னா வெளி வெளிச்சம் ஒரு கலர், பல்பு வெளிச்சம் ஒரு கலர்னு பாதி முகம் மஞ்சளா நிக்கும். மூஞ்சிகிட்ட போனைக் கொண்டு போனா மூக்கு பெருசா வரும், அதனால ரெண்டு மூணு அடி பின்னாடி தள்ளி நின்னு ரெண்டு மடங்கு ஜூம் வைங்க, அதுக்கு மேல வேணாம், பெரும்பாலான போன்ல அதுக்கு மேல போற ஜூம் படத்தை வெட்டிப் பெருசாக்குறதுதான், புள்ளி புள்ளியா உடையும். அப்புறம் அந்த பியூட்டி மோடு, அதை தயவு செஞ்சு அணைச்சு வைங்க. ஆத்தாவோட சுருக்கத்தை அழிச்சு, மாநிறத்தை வெளுத்து, யாரோ ஒரு அம்மாவைக் காட்டுது அது. எனக்கு அதுல ரொம்பவே கோவம் உண்டு. வெயில்ல நாத்து நட்ட முகம், அது இருக்கிறபடியே வரணும். (வயல்ல நிக்கிறவங்களை எடுக்கிறதுன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, போடுறதுக்கு முன்னாடியும் கேளுங்க.)

இன்னொண்ணு, எடுக்கறதுக்கு முன்னாடி வேட்டி முனையாலயோ முந்தானையாலயோ லென்ஸைத் துடைங்க. படம் மங்கலா இருக்கு போன் சரியில்லன்னு சொல்ற நிறைய பேருக்கு விரல் எண்ணெய்தான் காரணம்.

தம்பி பெரிய கோயிலைக் காட்டி மிரட்டினாரு, 216 அடி விமானம் போன்ல அடங்குமான்னு. அடில நின்னு போனை அண்ணாந்து தூக்கினா விமானம் பின்னால சாயத்தான் செய்யும், வெளிப் பிரகாரத்துல நல்லா தள்ளிப் போய் போனை செங்குத்தா பிடிங்க, நேரா நிக்கும். 1858ல லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு கேப்டன், மதராஸ் அரசாங்கத்துக்காக இதே கோயிலை படம் எடுத்தாரு, விமானத்து அடில சுத்தி ஓடுற கல்வெட்டு ஒரே படத்துல அடங்காதுன்னு தெரிஞ்சு, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நகத்தி எடுத்து, 21 படத்தை ஒட்டி 19 அடிக்கு மேல நீளமா ஒரே படமாக்கினாரு. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, ஜூம் கிடையாது, எடுத்ததும் ஸ்க்ரீன்ல பாக்கவும் முடியாது. இன்னைக்கு நம்ம பாக்கெட்டுல கிடக்கிற போன்ல இது மூணும் இருக்கு தம்பி!

அப்படியே லட்ச ரூபா கேமரால எடுத்தாலும் கடைசில அது போறது எங்க? வாட்ஸ்அப்புக்கு. 12 மெகாபிக்சல் போன் படமே 4000 பிக்சல் அகலம் வரும், அதையே அது சுருக்கித்தான் அனுப்புது. எச்டின்னு இருக்கிறதை அமுக்கி அனுப்புங்க, சொந்தக்காரங்களுக்கு முழு படம் வேணும்னா டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

ஒரு இடத்துல தம்பி சொன்னது நியாயம். கோடியக்கரைல தூரத்துல தண்ணில நிக்கிற பூநாரையை இறகு தெரிய எடுக்கணும்னா போன் பத்தாது, நீள லென்ஸ் வேணும், ஒத்துக்கிறேன். ராத்திரி ஓடுற சாமி ஊர்வலமும் கொஞ்சம் கஷ்டந்தான், விளக்கு பக்கத்துல சாமி வந்து நிக்கிற வரைக்கும் பொறுத்துதான் எடுக்கணும். ஆனா நாம இங்க பேசிகிட்டிருக்கிறது வாசல் கோலம், பேத்தி பொறந்தநாள், ஆடிப்பெருக்குக்கு படித்துறைல வச்ச காப்பரிசி, டபரால நுரையோட வந்த டிகிரி காப்பி. இதுக்காக வட்டிக்குக் கடன் வாங்கி கேமரா வாங்குன்னு ஒரு காலேஜ் பையன்கிட்ட சொல்றது நியாயமா நடுவர் ஐயா? தீர்ப்பை எங்க அணிக்குத் தாங்க. நன்றி, வணக்கம்.