ஆற்காட்டு நவாபைக் கடனில் மூழ்கடித்த மதில்சுவர் காண்ட்ராக்டர்! ராணுவக் கட்டட வேலையில் டேப் பிடிப்பது யார்?

[காட்சி: வேலூர்க் கோட்டை அகழி, காலை வெயில்]

ஒரு கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். 3 கோடி பவுண்டுக்கு மேல் "எனக்கு வர வேண்டிய பாக்கி" என்று ஆளாளுக்குக் காகிதத்தை நீட்டினார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது நியாயமாகத் தேறியது சுமார் 27 லட்சம் பவுண்டு. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் காகிதங்கள் எல்லாம் யார் பெயரில் எழுதப்பட்டவை தெரியுமா? நம்ம ஆற்காட்டு நவாப் பெயரில்.

வணக்கம். வேலூர்க் கோட்டை வாசலில் நின்று வீடியோ எடுத்தால் எல்லோரும் 1806 சிப்பாய்ப் புரட்சியைத்தான் எதிர்பார்ப்பீர்கள். இன்று பேசப்போவது செங்கல், சிமெண்ட், பில் பற்றி. ராணுவத்துக்காகக் கட்டும் கட்டடங்களுக்கு நம் வரிப்பணம் எப்படிப் போகிறது, அதை யார் காவல் காக்கிறார்கள் என்பது பற்றி. வேலூர்க்காரர்களுக்கு இது வெளியூர் விஷயம் கிடையாது. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கும் குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறதா இல்லையா என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் அந்த நவாப் கதையை முடித்துவிடுகிறேன். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

[காட்சி: சென்னை பழைய சிறைச்சாலை சாலை, மதிலின் மிச்சம்]

1760களில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குச் சென்னை வந்தவர் பால் பென்ஃபீல்ட். ஹைதர் அலியின் படை சென்னை வாசல்வரை வந்து மிரட்டிவிட்டுப் போன காலம் அது. பயந்துபோன கம்பெனி, கோட்டைக்கு வெளியே நம் ஆட்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்ப முடிவு செய்தது. அந்த காண்ட்ராக்ட் பென்ஃபீல்ட் கைக்குப் போனது. இன்றும் சென்னையில் அந்த மதிலின் ஒரு துண்டு நிற்கிறது, பார்க்கலாம். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியதும் அவர்தான் என்று சொல்வார்கள். ஆக, கம்பெனியில் சம்பளக்காரர், கம்பெனிக்கே கோட்டை காண்ட்ராக்டர். அப்புறம் மூன்றாவதாக ஒரு தொழிலைப் பிடித்தார். வட்டிக்கு விடுவது.

கடன் வாங்கியவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. எதற்காக வாங்கினார்? கம்பெனிப் படைக்குக் கொடுக்க வேண்டிய செலவுப் பாக்கியை அடைக்க. கொடுத்தவர்கள்? கம்பெனியிலேயே வேலை பார்த்தவர்கள். ஈடு என்ன? நம்ம பக்கத்துச் சீமைகளின் நிலவரி. ஆற்காட்டுச் சீமையில் ஏர் பிடித்தவர் கட்டிய கிஸ்தி, படைச் செலவு என்ற பெயரில் கிளம்பி, வட்டியாகச் சில தனியார் பைகளுக்குப் போனது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விஷயம் லண்டன்வரை போனது. நவாபின் கடன்களை விசாரிக்க வேண்டும் என்று 1784இல் சட்டமே சொன்னது. ஆனால் மேலிருந்தவர்கள் விசாரிக்காமலேயே "கொடுத்துவிடுங்கள்" என்று உத்தரவு போட்டார்கள். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் என்ற எம்.பி. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இதை எதிர்த்து நெடுநேரம் பேசினார். பென்ஃபீல்டின் பெயரைச் சொல்லியே பேசினார். ஓட்டெடுப்பில் தோற்றார். பணம் போனது.

பிறகு 1801இல் கர்நாடகம், அதாவது ஆற்காட்டு நவாபின் சீமை, கம்பெனி கைக்கு வந்ததும் இன்னொரு கடன்காரர் கூட்டம் கிளம்பியது. இந்தத் தடவை 1805இல் விசாரணைக் குழு போட்டார்கள். சுமார் 25 ஆண்டு ஒவ்வொரு பத்திரமாகப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே 3 கோடி, 27 லட்சம் என்று, அது இந்தக் குழு போட்ட கணக்குதான். அதே ஆற்காடு, அதே நவாபின் கடன். முதல் தடவை யாரும் பார்க்கவில்லை, முழுசாகப் போனது. இரண்டாம் தடவை பார்த்தார்கள், பத்தில் ஒன்பது பங்கு நின்றுவிட்டது. பென்ஃபீல்ட் 1810இல் பாரிசில் காசில்லாமல் செத்தார். அதனால் நம் விவசாயிக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம்.

முப்படைக்கும் கட்டடம், சாலை, ஓடுதளம், தண்ணீர், மின்சாரம் பார்ப்பது மிலிட்டரி இன்ஜினியர் சர்வீசஸ். பட்டாளத்து வீடுகளில் எம்.இ.எஸ். என்றால்தான் தெரியும். 1923 செப்டம்பர் 26இல் தொடங்கியது, நூறு வயதைத் தாண்டிவிட்டது. உச்சியில் இன்ஜினியர்-இன்-சீஃப், கீழே சீஃப் இன்ஜினியர்கள், அதற்கும் கீழே தளத்தில் நின்று வேலை வாங்குபவர் கேரிசன் இன்ஜினியர். வேலை தேவையா என்று படைப்பிரிவு சொல்ல வேண்டும், நிர்வாக ஒப்புதல் வர வேண்டும், தொழில்நுட்ப அனுமதி வர வேண்டும், ஆன்லைனில் டெண்டர் விட வேண்டும். அவ்வளவுதான் பின்னணி.

நம் பக்கத்தில் பெரிய உதாரணம் அரக்கோணம். பழைய வட ஆற்காடு மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை. அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளத்தின் ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கும் மேல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் இங்கிருந்துதான் பறந்தன. அங்கே நிற்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானம் முழு எடையோடு கிளம்பும்போது சுமார் 85 டன். அந்த எடையைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியும் மேல்பரப்பு மட்டும் இல்லை, அடியில் அடுக்கடுக்காகப் போட்ட தளம். மேலே மூடிய பிறகு கீழே எத்தனை அங்குலம் இருக்கிறது என்று நின்று பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. இந்தத் துறையில் ஏமாற்ற இடம் இருக்கிறது என்றால் அது இங்கேதான், புதைந்துபோகும் வேலையில்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தபோது வடக்கே ஓர் ஊரில் புதுக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். கட்டி முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மழை வந்தால் சித்தி கட்டிலை நகர்த்தி மூன்று பாத்திரம் வைப்பாராம். "கம்ப்ளெயின்ட் கொடுக்கலையா சித்தி?" என்று கேட்டேன். "கொடுத்தோம்டா, வந்து ஒரு இடத்தை உடைச்சாங்க. மேல ஓடு அழகா இருந்துச்சு. கீழ கலவை விரல் கனம்கூட இல்லை" என்றார். ஓடு பதிப்பதற்கு முன்பு ஒருவர் மொட்டைமாடிக்கு ஏறி அளவு எடுத்திருந்தால் அந்த மூன்று பாத்திரம் தேவைப்பட்டிருக்காது.

[காட்சி: கோடு போட்ட நோட்டு, பக்க எண்கள்]

அந்த அளவைக் குறிக்கும் நோட்டுக்குப் பெயர் மெஷர்மென்ட் புக். நம் ஊர் காண்ட்ராக்டர்கள் எம்-புக் என்பார்கள். பார்க்கச் சாதாரண நோட்டு. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அச்சடித்த எண் உண்டு, பக்கத்தைக் கிழிக்க முடியாது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு அடித்துச் சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீளம், அகலம், ஆழம். ஜூனியர் இன்ஜினியர் ஒரு முனை, காண்ட்ராக்டர் ஆள் மறுமுனை. கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு அளக்க வேண்டும். மூடப்போகிறேன் என்று காண்ட்ராக்டர் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். கோடிக்கணக்கான ரூபாய் இந்த நோட்டிலிருந்துதான் பிறக்கிறது. ஆடிட்டர் பிறகு எத்தனை பேர் வந்தாலும் இந்த எண்களைத்தான் பெருக்கிப் பார்ப்பார்கள். அன்றைக்கு டேப் பிடித்தவர் நேர்மையாகப் பிடிக்கவில்லை என்றால் பெருக்கல் சரியாக இருக்கும், சுவர் சரியாக இருக்காது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சிமெண்ட் குடோன்.

எம்.இ.எஸ். காண்ட்ராக்டில் சிமெண்ட் வைக்கும் குடோன் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அரசுத் தரப்பு இன்ஜினியரிடம், இன்னொன்று காண்ட்ராக்டரின் ஆளிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். கோயில் உண்டியலை யோசித்துப் பாருங்கள். ஒரு சாவி அதிகாரியிடம், ஒரு சாவி அறங்காவலரிடம் இருக்கும், ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. அதே யோசனைதான். ஒருவரை நம்பாததால் வைத்த ஏற்பாடு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேர்மையான ஆளுக்கு இரண்டாவது பூட்டு ஒரு பாதுகாப்பு. நாளைக்கு யாரும் அவரைக் கை நீட்டிச் சொல்ல முடியாது.

உள்ளே ஒரு பதிவேடு தொங்கும். இன்று எத்தனை மூட்டை வந்தது, எத்தனை செலவானது, மீதி எத்தனை. இரண்டு தரப்பும் கையெழுத்து. இதில் அழகு எங்கே என்றால், இந்தப் பதிவேடும் எம்-புக்கும் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கும். 1:2:4 கலவையில், அதாவது ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்றால், ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 6 மூட்டைக்கு மேல் சிமெண்ட் வேண்டும். எம்-புக்கில் 100 கன மீட்டர் என்று எழுதியிருந்தால் குடோனிலிருந்து 600 மூட்டைக்கு மேல் வெளியே போயிருக்க வேண்டும். பதிவேட்டில் 450தான் என்றால்? ஒன்று, அளவு பொய். இல்லை, கலவை மெலிவு. வீடு கட்டிய எந்த மேஸ்திரியிடமும் கேளுங்கள், இந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். அதனால்தான் சொல்கிறேன், இது பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டும் புரியும் விஷயம் இல்லை.

அப்புறம் பில். அளந்தவர் கையில் பணம் இருக்காது. பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுப்பது பாதுகாப்புக் கணக்குத் துறை. அது வேறு துறை. நம் பக்கத்துக்குச் சென்னை அண்ணா சாலையில் அதன் அலுவலகம் இருக்கிறது. பென்ஃபீல்ட் காலத்தில் இல்லாதது இந்தப் பிரிவினைதான். வேலை செய்பவர், சம்பளம் வாங்குபவர், கடன் கொடுப்பவர் எல்லாம் ஒரே ஆளாக இருந்தார்.

அதற்கும் மேலே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், பிறகு பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு. இவை தவிர, அரசுத் துறைகளில் ஊழலைக் கவனிக்க மத்திய கண்காணிப்பு ஆணையம் இருக்கிறது. அதில் ஒரு தமிழரின் கை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. மன்னார்குடிக்காரர் கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைந்த ஊழல் தடுப்புக் குழு சொன்னபடிதான் 1964இல் அந்த ஆணையம் வந்தது. அதற்குள் தலைமைத் தொழில்நுட்பப் பரிசோதகர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இவர்கள் காகிதத்தோடு நிற்பதில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே போய், தேவைப்பட்டால் துளை போட்டு எடுத்துச் சோதிப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பிரிவைப் பத்து மடங்காக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2020இல் எம்.இ.எஸ்.ஸில் 9,304 பணியிடங்களை ரத்து செய்தார்கள். பெரும்பாலும் தளத்தில் கை வேலை செய்யும் தொழிலாளர் இடங்கள். காலியாக இருந்தவைதான், யாரையும் வெளியேற்றவில்லை. பாதுகாப்புத் துறைச் செலவைச் சீர்படுத்த அமைத்த ஷேகட்கர் குழு சொன்னபடி செய்தோம், ஒரு பகுதி வேலையைத் துறை ஆட்களும் மீதியை வெளியாட்களும் செய்யலாம் என்றது அரசு. செலவு மிச்சம் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் முன்பு துறையின் சொந்த ஆள் ஏணி போட்டு ஏறிச் செய்த வேலை இனி காண்ட்ராக்ட் பில்லாக வரும். பில் கூடினால் அளப்பவரும் கூட வேண்டும். ஒரு ஜூனியர் இன்ஜினியர் ஒரே நாளில் நான்கு இடத்தில் டேப் பிடிக்க முடியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு தளத்தின் வரைபடத்தைக் கேட்டால் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஒரு குடியிருப்பின் காண்ட்ராக்ட் தொகை என்ன, எப்போது முடிய வேண்டும், எப்போது முடிந்தது, உத்தரவாதக் காலத்தில் ஒழுகியதைக் காண்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்தாரா என்று கேட்கலாம். சித்தப்பாவுக்கு இது அன்று தெரிந்திருந்தால் நிச்சயம் எழுதியிருப்பார்.

ராணிப்பேட்டை, அரக்கோணம், வேலூர்ப் பக்கம் இந்த மாதிரி வேலைகளில் சூப்பர்வைசராகவோ மேஸ்திரியாகவோ இருந்தவர்கள் இதைப் பார்க்கிறீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். சாயந்திரம் குடோனைப் பூட்டும்போது அந்த இரண்டாவது சாவிக்காரர் நிஜமாகவே வந்து நின்றாரா? அதை மட்டும் சொல்லுங்கள்.