கச்சேரி முடிந்தும் கலையாத கூட்டம்

நடுவர் ஐயாவுக்கும், எனக்கு முன்னால் பேசிக் கைதட்டல் முழுவதையும் அள்ளிக்கொண்டு போன எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலில் காற்று வாங்கப் போகாமல் வெள்ளவத்தையில் இந்த மண்டபத்துக்குள் வந்து வியர்த்துக்கொண்டிருக்கும் சபையோருக்கும் என் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். ரொக் இசைக் கச்சேரிகளுக்கு ஊர் ஊராகச் சேர்ந்து போகும் ரசிகர்களிடம் இருப்பது நிலைக்கிற நட்பா, பயணத்தோடு முடிகிற பழக்கமா? நட்புத்தான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் அண்ணா என்ன சொன்னார்? பாட்டு நின்றால் கூட்டமும் கலைந்துவிடும் என்றார். போதையும் கூச்சலும் உள்ள இடத்தில் நட்பு எப்படி முளைக்கும் என்றார். கடைசியாக, "இவர்கள் நல்லது கெட்டதுக்கு வருவார்களா?" என்று கேட்டுவிட்டு, விக்கெட் எடுத்துவிட்ட தோரணையில் போய் உட்கார்ந்தார். அண்ணா, அது நோ போல். வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அண்ணா கச்சேரியை மட்டும்தான் எண்ணினார். கச்சேரி இரண்டு மணித்தியாலம், மிஞ்சினால் மூன்று. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. நட்பு வளர்வது அதற்கு முன்னாலும் பின்னாலும். பெரியவர்கள் யாராவது செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போயிருந்தால் அவர்களைக் கேளுங்கள். குமணக் காட்டுக்குள் தன் போத்தல் தண்ணீரில் பாதியைக் கொடுத்த மனிதரை இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்கள்.

கொழும்பு ரசிகனுக்கு இந்த ‘முன்னால்’ மிகவும் நீளமானது. உலகத்தின் பெரிய ரொக் குழுக்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். பெயர் பெற்ற பாடகர்கள் வர நினைத்தாலும் நாங்கள் கொடுக்கிற வரவேற்பு அப்படி. 2010இல் ஏகானுக்கு விசா மறுத்தோம். 2015 டிசம்பரில் என்ரிக்கே இக்லேசியாஸ் வந்து பாடிவிட்டுப் போனார். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று நாட்டின் ஜனாதிபதியே சொன்னார். இத்தனைக்கும் இரண்டு பேரும் ரொக் பாடகர்கள்கூட இல்லை. திருக்கை வாலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, ஐயா.

உள்ளூரில் மெற்றல் என்கிற அதிரடி ரொக் வாசிக்கும் நல்ல குழுக்கள் இருக்கின்றன, அது வேறு கதை. ஆனால் அயன் மெய்டனையோ மெற்றாலிக்காவையோ பார்க்க வேண்டுமென்றால் கொழும்புப் பிள்ளை கடல் தாண்டத்தான் வேண்டும். 2007 மார்ச் 17இல் அயன் மெய்டன் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தது. 2011 ஒக்டோபர் 30இல் மெற்றாலிக்காவும் அதே பெங்களூருக்கு. 2025 ஜனவரியில் கோல்ட்பிளே அகமதாபாத்தில். கடல் தாண்டுவது தனி ஆளாக நடக்கிற வேலையா? யாரோ ஒருவரின் கிரெடிட் கார்டில் ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்பவனை நம்ப வேண்டும். இரண்டு கட்டில் உள்ள அறையில் ஐந்து பேர் படுக்க வேண்டும்; அதில் ஒருவன் குறட்டை விடுவான், அவன்தான் முதலில் தூங்குவான். எல்லாருடைய பாஸ்போட்டையும் இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் ஒருவன் நிற்க வேண்டும். சொந்த மச்சானிடம் பாஸ்போட்டைக் கொடுத்து வைக்க எத்தனை பேர் இங்கே தயார்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். சரி, சிரிப்பே பதில்.

2007ஆம் ஆண்டுப் பயணத்தில் நானும் இருந்தேன். யுத்த காலம். நள்ளிரவில் விமான நிலையத்துக்குப் போகும் கட்டுநாயக்க வீதியில் எங்கள் வான் வண்டியை இராணுவம் மறித்தது. என் கோலத்தைக் கேளுங்கள்: தோள் வரை முடி, கறுப்பு ரீசேர்ட், நெஞ்சில் அயன் மெய்டன் இசைத்தட்டு உறைகளில் வரும் ‘எட்டி’ என்ற எலும்புக்கூடு, பல்லைக் காட்டிக்கொண்டு. அடையாள அட்டையின் பின்பக்கத்தில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ரோர்ச் வெளிச்சம் அட்டையில் விழுந்தது, முகத்தில் விழுந்தது, மறுபடி அட்டைக்குப் போனது. "பையோடு இறங்கு" என்றார் அந்தச் சிப்பாய்.

நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் இன்னொரு ஆளும் இறங்கும் சத்தம் கேட்டது. மொறட்டுவைப் பொடியன். சிங்களவன், அவனை யாரும் இறங்கச் சொல்லவில்லை. "நீ ஏன் இறங்குகிறாய்?" என்று சிப்பாய் கேட்டார். "நாங்கள் எல்லாரும் ஒரே டிக்கெட்" என்றான். ரோர்ச் என் நெஞ்சுக்கு வந்தது. "மே கவுத?", இது யார் என்று கேள்வி. நான் வாய் திறக்கும் முன் அவன் தொடங்கிவிட்டான்: இது எட்டி, இங்கிலாந்துக் குழு, முதல் இசைத்தட்டு 1980இல் வந்தது, அதன் உறையில் எட்டி எப்படி இருந்தான், இரண்டாவதில் எப்படி மாறினான்... சிப்பாய்க்கும் அது தூக்கம் வருகிற நேரம்தானே. நான்காவது இசைத்தட்டு வருவதற்குள் எங்களைப் போகச் சொல்லிவிட்டார். அதுவரை அவன் என் பைக்குப் பக்கத்திலிருந்து ஓர் அடி நகரவில்லை.

அதே மார்ச் 26இல் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மேல் குண்டு விழுந்தது. அந்த மாதம் அந்த வீதியில் ஒரு தமிழ்ப் பொடியனோடு வானில் போவதும், இறங்கிப் பக்கத்தில் நிற்பதும் என்ன விலை என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணா இதைத்தான் பழக்கம் என்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் இரண்டு தமிழர் கொழும்பில் சந்தித்தால் என்ன கேட்கிறோம்? "நீங்கள் எந்த இடம்?" யாழ்ப்பாணம் என்றால், "யாழ்ப்பாணத்தில் எவடம்?" அதுவும் சொன்னால், "ஆருடைய மகன்?" மூன்றாவது கேள்வியில் என்ன தேடுகிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அதைத் தாண்டினால் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருட பட்ச். எங்கள் நட்புகளில் முக்கால்வாசி பிறக்கும்போதே யாரோ போட்டு வைத்த பட்டியல். கச்சேரிக் கூட்டத்தில் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பாட்டில் தொடங்கினாய்?" அந்தப் பதிலை வைத்து ஒருவரைச் சேர்க்கலாம், சண்டை போடலாம், விடிய விடியக் கதைக்கலாம். கல்யாணம் மட்டும் பேச முடியாது. அந்த வகையில் அது தூய்மையான கேள்வி.

சரி, பாட்டு நின்றால் கூட்டம் கலையும் என்ற வாதத்துக்கு வருகிறேன். ‘கிரேட்புல் டெட்’ என்று ஒரு குழு. 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. முப்பது வருடத்தில் ஏறக்குறைய 2,300 கச்சேரி. ஓர் இரவு வாசித்த வரிசையில் மறுநாள் வாசிக்க மாட்டார்கள்; ஒரே பாட்டே இன்றைக்கு ஆறு நிமிடம், நாளைக்கு இருபது நிமிடம் போகும். நேற்றைக் கேட்டவனுக்கு இன்றைக்கும் கேட்காமல் இருக்க முடியாது. அதனால்தான் டெட்ஹெட்ஸ் என்ற ரசிகர்கள் பழைய வான்களில் நகரம் நகரமாகப் பின்னால் போனார்கள்.

அவர்கள் கச்சேரியைத் தாங்களே ஒலிப்பதிவு செய்தார்கள். குழு தடுக்கவில்லை, 1984இல் அவர்களுக்கென்று மைதானத்தில் தனிப் பகுதியே ஒதுக்கிக் கொடுத்தது. நீண்ட கம்பியின் உச்சியில் மைக். அதன் கீழே நிற்கும் நண்பர்கள், பிடித்த பாட்டு வந்தாலும் கத்தக் கூடாது. பதிவில் குரல் விழுந்துவிடுமே! கத்துவதற்காகவே ஆயிரம் மைல் வந்தவன் இன்னொருவனின் கசெற்றுக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். அந்தக் கசெற்றை விற்பது கேவலம் என்பது அவர்களுடைய எழுதாத சட்டம். முகம் தெரியாத ஒருவன் வெற்றுக் கசெற்றும் திரும்பி வரும் தபால் செலவும் அனுப்பினால், பிரதி எடுத்து அனுப்புவார்கள். காசு கிடையாது.

1995 ஓகஸ்ட் 9இல் அந்தக் குழுவின் முக்கிய கிற்றார் கலைஞரும் பாடகருமான ஜெரி கார்சியா இறந்தார். அந்த வருட முடிவுக்குள் குழுவே கலைந்தது. அண்ணாவின் கணக்குப்படி ரசிகர்களும் அவரவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 2015இல் மிஞ்சிய கலைஞர்கள் ஐம்பதாவது ஆண்டுக்காகச் சிகாகோவில் கூடினார்கள், மைதானம் நிரம்பியது. 2025 ஓகஸ்டில் அறுபதாவது ஆண்டுக்கு சான் பிரான்சிஸ்கோவில் மூன்று நாள் கச்சேரி. கார்சியா போய் முப்பது வருடம், அண்ணா! எந்தப் பழக்கம் முப்பது வருடம் தாங்கும்?

போதை என்றார். மறைக்க மாட்டேன். 1995 ஜூலை 2இல் இந்தியானாவில் கிரேட்புல் டெட் கச்சேரிக்கு வந்த டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியை உடைத்து உள்ளே பாய்ந்தது. மறுநாள் கச்சேரியை இரத்துச் செய்தார்கள். போதைப்பொருளும் அந்தக் கூட்டத்தில் தாராளமாகப் புழங்கியது. ஆனால் அதே கூட்டத்துக்குள் குடியையும் போதையையும் விட்ட ரசிகர்கள் ‘வோர்ஃப் ராட்ஸ்’ என்று ஒன்று சேர்ந்தார்கள். கச்சேரியில் மஞ்சள் பலூன் கட்டிய ஒரு மேசை போடுவார்கள். இடைவேளையில், சுற்றிலும் புகையும் போத்தலுமாக இருக்கும்போது, மனம் தடுமாறுகிற ஆள் அந்தப் பலூனைப் பார்த்து நடந்து வரலாம். அங்கே இவனைப் போலவே விட்டவர்கள் நிற்பார்கள், கதைப்பார்கள், இரண்டாவது பாதிக்கு இவன் கண் தெளிவாகத் திரும்பிப் போவான். விட்டவனுக்கு ‘இனிக் கச்சேரிப் பக்கமே போகாதே’ என்று சொல்வது மிகவும் சுலபம். எங்கள் ஊரில் அதைத்தான் சொல்வோம், அப்புறம் அவனைக் கல்யாண வீட்டுக்கும் கூப்பிட மாட்டோம். அவர்கள் அவனைக் கைவிடவும் இல்லை, அவனுக்குப் பிடித்த பாட்டை விடச் சொல்லவும் இல்லை.

எதிரணித் தங்கச்சி பிசிராந்தையாரை இழுத்து வந்தார். கோப்பெருஞ்சோழனைக் காணாமலே நட்புக் கொண்டார், இவர்களுக்கோ டிக்கெட் எடுத்தால்தான் நட்பு என்றார். நல்ல கைதட்டல். ஆனால் தங்கச்சி, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பிசிராந்தையார் வீட்டிலிருந்தே அனுதாபம் தெரிவித்தாரா? பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு வந்தாரே! சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர் விடத் துணிந்து வடக்கு நோக்கி அமர்ந்தபோது, என்ன செய்தான்? அவர் கட்டாயம் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள் என்றான். வரிசையில் நண்பனுக்கு இடம் பிடித்து வைக்கிற வழக்கத்தைத் தொடக்கி வைத்தவனே அவன்தான்! அமெரிக்க ரொக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிகளில் மேடைக்குக் கிட்ட நிற்பதற்காக ரசிகர்கள் தாங்களே பெயர்ப் பட்டியல் வைப்பார்கள், கையில் பேனாவால் இலக்கம் எழுதுவார்கள், குறித்த நேரத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பொலிஸ் இல்லை, கயிறு இல்லை. ஒருவர் சொல்லை ஒருவர் ஏற்பதால் மட்டுமே அந்த வரிசை நிற்கிறது.

இப்போது நல்லது கெட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோலைப் பங்கிட கியூஆர் கோட் வருவதற்கு முந்திய வரிசை. காலி வீதியில் வாகனத்துக்குள்ளேயே தூங்கி எழும்பிய நாட்கள். எங்கள் கச்சேரிக் கூட்டத்தில் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. கையில் இலக்கம், முறை வைத்துக் காவல், ஒருவன் குளிக்கப் போனால் மற்றவன் அவனுடைய காரையும் சேர்த்துத் தள்ளுவது, யாராவது வீட்டிலிருந்து பாணும் சம்பலும். பயிற்சி பெங்களூரிலேயே முடிந்திருந்தது.

கெட்டதுக்கும் வந்தார்கள். என் அப்பாவின் செத்தவீட்டுக்குச் சொந்தக்காரர் வருமுன்பே கதிரை இறக்கியது அவர்கள்தான். வெள்ளை உடுப்புத்தான் அவர்களுக்குப் பெரிய சோதனை. அலுமாரி முழுக்கக் கறுப்பு. மொறட்டுவைப் பொடியனிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டை, ஏ லெவல் படித்த காலத்துப் பள்ளிக்கூடச் சட்டை. வயிற்றில் இரண்டு பொத்தான் பூட்ட முடியவில்லை. அம்மா அந்த நிலையிலும் அவனைப் பார்த்து, "தம்பி, முதல் போய்ச் சாப்பிடு" என்றார். சாப்பிடாமல் வந்ததால் பொத்தான் பூட்டவில்லை என்று நினைத்தாரோ தெரியாது.

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, அரை நிமிடம். எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரேயொரு கேள்வி. நீங்கள் ‘நிலைத்த நட்பு’ என்று சொல்கிற, ஊராலும் உறவாலும் பள்ளிக்கூடத்தாலும் வந்த நண்பர்களில் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். இறங்கு என்று யாரும் சொல்லாதபோது, உங்களுக்காக நள்ளிரவில் வானிலிருந்து இறங்கிய ஒருவர். பெயர் சொன்னால் என் பேச்சு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.