தென்னை மரமும் ஒரு வகை எண்ணும்

வணக்கம் நேயர்களே. காப்புரிமை பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பேட்டன்ட் என்று சொன்னால்தான் நம் ஊரில் எல்லோருக்கும் சட்டென்று புரியும், அதனால் நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். நான் வக்கீல் இல்லை, எஞ்சினீயரும் இல்லை. கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். புத்தகம் எடுத்துக் கொடுத்த நேரம் போக, கடைசி இருபது வருடம் நான் அதிகம் செய்த வேலை ஒன்று உண்டு. "மேடம், நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்" என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து பழைய பேட்டன்ட்களைத் தேடுவது. மாணவர்கள் வருவார்கள். ஆனால் அவர்களைவிட லேத் பட்டறைக்காரர்களும் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர்களும் விவசாயிகளும்தான் அதிகம்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. எப்படி ஃபைல் பண்றது, எவ்வளவு ஆகும்? என் பதிலும் ஒன்றுதான். அது அப்புறம், முதலில் தேடுவோம். இன்றைக்கும் அதே வரிசையில்தான் பேசப்போகிறேன். ஃபைல் செய்வது கடைசியில், நேரம் இருந்தால்.

ஏன் முதலில் தேட வேண்டும்? பேட்டன்ட் கிடைக்க உங்கள் பொருள் புதிதாக இருக்க வேண்டும். உங்கள் தெருவுக்குப் புதிதாக இருந்தால் போதாது, இந்தியாவுக்குப் புதிதாக இருந்தாலும் போதாது. உலகத்தில் எங்கேயும், எந்த மொழியிலும், எந்த வருடத்திலும் அது வெளியாகியிருக்கக் கூடாது. பேட்டன்டாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு விவசாயப் பத்திரிகையில் படத்தோடு நாலு பத்தி வந்திருந்தாலும் கதை முடிந்தது.

மஞ்சள் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் தூள் காயத்தை ஆற்றும் என்பதற்குப் பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., எதிர்த்து மனுப் போட்டது. என் பாட்டி இதைத்தான் போட்டாள் என்று நீங்களும் நானும் சொல்லலாம். அங்கே பாட்டி செல்லமாட்டாள், அச்சில் காட்டு என்பார்கள். 32 ஆதாரங்கள் திரட்டிக் கொடுத்தார்கள். பழைய சமஸ்கிருத நூலும் இருந்தது, 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையும் இருந்தது. 1997-இல் அந்தப் பேட்டன்ட் ரத்தானது. சித்த மருத்துவ ஏடுகளில் இருப்பதையெல்லாம்கூட ஆங்கிலம், ஜப்பானியம் உட்பட ஐந்து மொழிகளில் போட்டு, உலகப் பேட்டன்ட் அலுவலகங்கள் தேடிப் பார்க்கும்படி வைக்கும் மரபறிவு மின்நூலகம் 2001-இல் தொடங்கியது இந்த மாதிரிச் சண்டைகளால்தான். எனக்கு இதில் பிடித்த விஷயம், அந்த வழக்கை ஜெயிக்க வைத்தது தேடல். நூலகத்துக்காரி வேறு எப்படிச் சொல்வாள்.

சரி, இப்போது ஒரு கதை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், கொஞ்சம் தென்னந்தோப்பும் உண்டு. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். தேங்காய் பறிக்க ஆள் கிடைப்பதில்லை என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. அண்ணா மரம் ஏறும் கருவி ஒன்று செய்திருந்தார். இரும்புக் குழாயில் இரண்டு சட்டம். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு காலால் கீழ்ச் சட்டத்தைத் தூக்குவது, பிறகு கீழ்ச் சட்டத்தில் நின்றுகொண்டு மேல் சட்டத்தைத் தூக்குவது. கம்பளிப்புழு போவது போலப் போகலாம். பேட்டன்ட் ஃபைல் செய்து தர ஒரு ஏஜென்சிக்காரர் அறுபதாயிரம் கேட்டிருக்கிறார், பாதிப் பணம் கையில் ரெடி. "ஏனுங்க மேடம், இது உலகத்துலயே யாரும் செய்யலீங்க" என்றார்.

தேடினோம். தென்னை மரம் ஏறும் கருவி என்று ஆங்கிலத்தில் போட்டோம். பத்து நிமிடத்தில் கேரளத்தின் செம்பேரி ஜோசப் வந்துவிட்டார். கண்ணூர் மாவட்டத்துக்காரர், ஒவ்வொரு காலுக்கும் ஒரு சட்டமாக வைத்து நடப்பது போல ஏறும் கருவி அவருடையது. தோப்பு வைத்திருக்கிற பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும், "அது நின்னுட்டு ஏறுறதுங்க, நம்முது உக்காந்துட்டு ஏறுறது" என்றார். நியாயம்தான். உட்கார்ந்து ஏறும் கருவி என்று தேடினால் அதிகம் கிடைக்கவில்லை. அண்ணா எழுந்து கிளம்பத் தயாராகிவிட்டார்.

நான் விடவில்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நாம் நம் பெயரை வைத்துத் தேடுகிறோம். தென்னை என்கிறோம். தென்னையே பார்த்திராத ஊரில் இதே கருவியைச் செய்தவன் தென்னை என்று எப்படி எழுதுவான்? பேட்டன்ட் எழுதுகிறவர்களின் மொழி வேறு. பேனா என்று எழுதமாட்டார்கள், எழுதும் சாதனம் என்பார்கள். ஆணி என்று சொல்லாமல் இணைக்கும் உறுப்பு என்பார்கள். வேண்டுமென்றே அகலமாக எழுதுவது, நாளைக்கு வேறொருவன் சின்ன மாற்றம் செய்து தப்பிக்கக் கூடாது என்பதற்காக. அதனால் வார்த்தையை வைத்துத் தேடுவது பாதிக் கிணறுதான். மீதிக் கிணறுக்கு வகை எண் வேண்டும்.

வகை எண் என்பது நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டுவோமே, அதே மாதிரி. உலகம் முழுக்க வரும் பேட்டன்ட்களை ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவாகப் பிரித்து, அதற்குள் எழுபதாயிரத்துக்கு மேல் உட்பிரிவு வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரர் ஜப்பானிய மொழியில் எழுதினாலும் எண் அதே எண். எண்ணுக்கு மொழி கிடையாது, இதை இன்னொரு முறை சொல்கிறேன், எண்ணுக்கு மொழி கிடையாது. உங்களுக்கு வேண்டிய எண்ணைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. உங்கள் பொருளுக்கு ஓரளவு கிட்டே வரும் ஒரே ஒரு பேட்டன்டைப் பிடியுங்கள். முதல் பக்கத்தில் அந்த எண் அச்சிட்டிருக்கும். அப்புறம் வார்த்தையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

அண்ணாவோடு அப்படித்தான் பார்த்தோம். மரம் ஏறும் கருவி எந்த வகையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? விவசாயம் என்றார் அண்ணா. நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை! ஏ 63 பி 27. அது உடற்பயிற்சி, நீச்சல், பந்து விளையாட்டு எல்லாம் வரும் வகை. கம்பம், மரம் போன்றவற்றில் ஏறும் கருவிகளை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். தேங்காய் பறிக்கிறவர் ஜிம்னாஸ்டிக் வீரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு விதத்தில் சரிதான் என்றும் தோன்றுகிறது.

அந்த எண்ணைப் போட்டதும் வந்து குவிந்தது பாருங்கள். டெலிபோன் கம்பம் ஏறுகிறவர்களுக்கான கருவிகள். அதைவிட, அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தின் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும் கருவிகள். வேட்டைக்காரர் மேல் சட்டத்தில் உட்கார்ந்து காலால் கீழ்ச் சட்டத்தைத் தூக்குகிறார், பிறகு நின்றுகொண்டு மேல் சட்டத்தைத் தூக்குகிறார். அதே கம்பளிப்புழு. படத்தைப் பார்த்த அண்ணா ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "இவன் எம்பட பட்டறைக்கு வந்துட்டுப் போயிருக்கான்ங்க" என்றார். அந்தப் பேட்டன்ட் அண்ணாவின் பட்டறையைவிட வயதானது.

கதை இங்கே முடிந்திருந்தால் இதைச் சொல்லவே மாட்டேன். நான்கைந்து பேட்டன்ட்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளை உட்காரவைத்துப் படித்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து வந்தார். தென்னை மரம் அடியில் பருத்து, மேலே போகப்போக மெலியும். கீழே இறுக்கிக் கட்டிய வளையம் மேலே போனால் தளர்ந்துவிடும், ஏறுகிறவர் பாதி மரத்தில் நின்று கையால் சரிசெய்ய வேண்டும். அந்த வேட்டைக்காரக் கருவிகளில் இதற்கு நல்ல வழி இல்லை என்று அண்ணா கண்டுபிடித்துவிட்டார். அவர் கருவியில் அதற்கு ஒரு வழி இருந்தது. வெகு சாதாரணமாகச் செய்துவைத்திருந்தார், அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. முழுக் கருவிக்கும் பேட்டன்ட் கேட்க வந்தவர், கடைசியில் தன் கையளவு உள்ள ஒரு பாகத்துக்குக் கேட்கும் முடிவோடு போனார். அந்தப் பாகம் எப்படி வேலை செய்கிறது என்று நான் இங்கே சொல்லமாட்டேன். காரணம் இன்னும் இரண்டு நிமிடத்தில்.

தேடலில் இன்னொரு லாபம் உண்டு. பேட்டன்ட் உரிமை இருபது வருடம்தான். அதற்கு மேலே போனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். அப்புறம் அமெரிக்காவில் வாங்கிய பேட்டன்ட் அமெரிக்காவுக்குத்தான். இங்கே வாங்கவில்லை என்றால் இங்கே தடையில்லை. ஆனால் இங்கேயும் வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். பேட்டன்ட் கொடுக்கும்போதே அரசாங்கம் போடும் நிபந்தனை, எப்படிச் செய்வது என்று திறந்து எழுத வேண்டும் என்பது. நம் நாட்டில் 1856-இல் கல்கத்தாவில் போட்ட முதல் விண்ணப்பம் பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. மின்விசிறிக்கு முன்னால் கூரையில் தொங்கும் துணி விசிறியை ஆள் வைத்து இழுத்தார்களே, அந்த ஆளுக்குப் பதிலாக. அன்றிலிருந்து இப்படித் திறந்து எழுதியவை மலையாகக் கிடக்கின்றன. நம் பட்டறைக்காரர்கள் அதைப் பேட்டன்ட் வாங்குகிற எண்ணமே இல்லாமல்கூடப் படிக்க வேண்டும் என்பது என் பழைய ஆசை.

எங்கே படிப்பது? எல்லாம் இலவசம், போனிலேயே முடியும். கூகுள் பேட்டன்ட்ஸ் எளிது, அதிலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், இரண்டும் வகை எண் தேடலுக்கு நல்லவை. இந்திய விண்ணப்பங்களுக்கு நம் அரசின் ஐபி இந்தியா தளத்தில் இன்பாஸ் என்ற தேடல் இருக்கிறது. அது சில நாள் திறக்கும், சில நாள் முரண்டு பிடிக்கும், பொறுமை வேண்டும். நெருங்கி வரும் பேட்டன்ட் ஒன்று கிடைத்தால், அது எந்தப் பழையவற்றைக் குறிப்பிடுகிறது, பிறகு வந்தவை எவை அதைக் குறிப்பிடுகின்றன என்று பட்டியல் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போங்கள். உறவு விசாரிப்பது மாதிரிதான்.

இப்போது அந்தக் காரணம். ஃபைல் செய்வதற்கு முன்னால் வெளியே காட்டாதீர்கள். கண்காட்சி ஸ்டாலில் வைத்தால் வெளியீடு. யூடியூபில் போட்டால் வெளியீடு. உங்கள் கருவியைப் பற்றி நான் இந்த வானொலியில் சொன்னால் அதுவும் வெளியீடுதான். சட்டத்தில் சில விதிவிலக்குகள் இருக்கின்றன, அரசு அறிவிக்கும் சில கண்காட்சிகளுக்குப் பன்னிரண்டு மாத விலக்கு உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள். ஒரு கல்லூரியில் மாணவர்கள் செய்த நல்ல பொருள் ஒன்றை, பெயர் வேண்டாம், ஆண்டு விழா வீடியோவில் பாட்டுப் போட்டு ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு என்னிடம் வந்து ஃபைல் பண்ணலாமா என்றார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள். ஃபைல் செய்வதை வேகமாகச் சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. நேரில் போக வேண்டியதில்லை, ஆன்லைனிலேயே முடியும், டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரக்குறிப்பு, அதாவது கருவியை எப்படிச் செய்வது என்று திறந்து எழுதுவது. தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய், பெரிய கம்பெனிகளுக்கு 8,000. ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும், தமிழில் முடியாது. எனக்கு இதில் மனக்குறை உண்டு, இன்னொரு நாள் பேசுவோம். கருவி இன்னும் முழுசாகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பு போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். அதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போட்டாக வேண்டும், போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஃபைல் செய்தால் தானாகப் பரிசோதிக்கமாட்டார்கள். படிவம் 18 தனியாகக் கொடுக்க வேண்டும், தனிநபருக்கு 4,000 ரூபாய், இப்போது 31 மாதத்துக்குள். இதை மறந்து கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர். பரிசோதகர் கேள்வி அனுப்புவார், பதிலுக்கு ஆறு மாதம்.

ஏஜென்ட் கட்டாயம் இல்லை. ஆனால் எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் உரிமைக்கோரல் என்று விவரக்குறிப்பின் கடைசியில் வரும் பகுதி இருக்கிறதே, அதற்கு மட்டுமாவது தெரிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் பேட்டன்ட் தகவல் மையம் இருக்கிறது. விவசாயிகள், பட்டறைக்காரர்களுக்கு குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க நிறுவனம், அவர்களே ஃபைல் செய்தும் உதவுவார்கள். எதற்கெல்லாம் பேட்டன்ட் கிடைக்காது என்று பேட்டன்ட் சட்டத்தின் மூன்றாவது பிரிவு பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், தெரிந்த இரண்டு பொருளைச் சும்மா ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் கிடைக்காது என்பது மட்டும் இப்போதைக்கு.

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். பொள்ளாச்சி அண்ணா தற்காலிக விவரக்குறிப்பு போட்டது போன தை மாதம். அண்ணா, தோப்பில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால், பன்னிரண்டு மாதம் வருகிற தையோடு முடிகிறது. பொங்கல் வேலையில் விட்டுவிடாதீங்க. வணக்கம்.