2147483647 பிரைம் நம்பர்னு கையாலயே எப்படி கண்டுபிடிச்சாங்க? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. 2147483647 ஒரு பிரைம் நம்பர், அதை கணித மேதை ஆய்லர் 1772-லயே சொல்லிட்டாருன்னு போன வீடியோல சொன்னேன்ல, அதுக்கு ஒருத்தர் கேட்டிருக்காங்க, கால்குலேட்டர் கூட இல்லாத காலத்துல பத்து இலக்க நம்பரை எப்படிங்க செக் பண்ணாரு, ஒவ்வொரு நம்பரா வகுத்துக்கிட்டே போனாரான்னு.

வகுக்கத்தான் செஞ்சாரு, ஆனா எதால வகுக்கணும்னு முதல்ல யோசிச்சாரு, அங்கதான் விஷயமே இருக்கு. ஸ்கொயர் ரூட் வரைக்கும் பாத்தா போதும், ஏன்னா ஒரு நம்பர் ரெண்டு நம்பரோட பெருக்கல்னா அதுல சின்னது ஸ்கொயர் ரூட்டைத் தாண்டாது, இதுக்கு அது 46340 சொச்சம். அதுக்குள்ள பிரைம் மட்டும் எடுத்தாலே நாலாயிரத்துக்கு மேல வரும், கையால ஆகிற காரியம் இல்ல.

இப்போ இந்த நம்பர் சும்மா ஏதோ ஒரு நம்பர் இல்ல, 2 பவர் 31-ல ஒண்ணு கம்மி. கியூன்னு ஒரு பிரைம் இதை மீதியில்லாம வகுக்குதுன்னு வைங்க. 2, 4, 8, 16ன்னு போய்க்கிட்டே இருந்து ஒவ்வொண்ணையும் கியூவால வகுத்து மீதியை மட்டும் எழுதினா 31-வது இடத்துல மீதி 1 வந்துரும், 31 பிரைம்ங்கிறதால அதுக்கு முன்னாடி 1 வரவே வராது, அப்புறம் அதே வரிசை திரும்பத் திரும்ப ஓடும். ஆனா ஃபெர்மாங்கிற கணித அறிஞர் சொன்ன விதிப்படி கியூ மைனஸ் 1-வது இடத்துலயும் மீதி 1 வந்தே ஆகணும். அப்போ கியூ மைனஸ் 1-ஐ 31 வகுக்கணும், கியூ ஒற்றைப்படைங்கிறதால 62-ஏ வகுக்கணும். இதோட இன்னொரு விதி, கியூவை 8-ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 தான் வரணும். ரெண்டையும் சேத்தா, 248-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 63 வர்ற நம்பர் மட்டும்தான் தேறும், 46340-க்குள்ள அந்த மாதிரி நானூறு கூட இல்ல, அதுலயும் பிரைம் இன்னும் கம்மி. முதல் பிரைம் 311, வகுத்தா மீதி 35, சரி அது இல்ல. அடுத்தது எதுன்னு நினைக்கிறீங்க, நேரா 1303! நடுவுல இருக்கிற அத்தனை பிரைமையும் தொடவே வேண்டாம். இப்படியே போய் எதுவுமே வகுக்கல, அதனால இது பிரைம். 1867 வரைக்கும் தெரிஞ்சதுலயே பெரிய பிரைம் இதுதான்.

ஒண்ணு கவனிங்க, பவர்ல பிரைம் இருந்தாலே விடையும் பிரைம் ஆயிடாது, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. 2 பவர் 11 மைனஸ் 1, அதாவது 2047, அது 23 பெருக்கல் 89. ரெண்டையும் 22-ஆல, அதாவது 11-ஓட ரெண்டு மடங்கால, வகுத்து பாருங்க, மீதி 1 தான் வரும், 8-ஆல வகுத்தா 7, 1. விதி அப்படியே உக்காருது பாருங்க.

நீங்க 2 பவர் 23 மைனஸ் 1 எடுத்து போட்டு பாருங்க, 8388607. இதுக்கு 46-ஆல வகுத்தா மீதி 1 வரணும், அப்போ முதல் ஆளே 47 தான், அது 8 விதியிலயும் பாஸ். வகுத்தா சரியா 178481, மீதி இல்ல, ஒரே வகுத்தல்ல முடிஞ்சிரும்.