பதினேழாம் இடத்தின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் கால்பந்து ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"கால்பந்து ரசிகருக்கு நிறைவு தருவது கோப்பை வெல்லும் கிளப்பா, ரெலகேஷனோடு போராடும் கிளப்பா?" இதுதான் இன்றைய தலைப்பு. ரெலகேஷன் என்றால் கடைசி இடங்களில் முடிக்கும் அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவது. போராடும் கிளப்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். மேடைக்காக எடுத்துக்கொண்ட கட்சி அல்ல இது. மனதார நம்பித்தான் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "ஒன்பது மாதம் தோற்றுத் தோற்றுக் கடைசியில் பதினேழாம் இடத்தில் முடிப்பதற்கா இத்தனை கொண்டாட்டம்? அதற்கு ஒரு கோப்பை உண்டா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கோப்பை இல்லை, உண்மை. ஆனால் அந்தப் பதினேழாம் இடம் எங்கே இருக்கிறது என்பதை அவர் சொல்லவே இல்லை.

இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 அணிகள். ஆளுக்கு 38 ஆட்டம். கடைசி மூன்று அணிகள் அடுத்த ஆண்டு கீழ்ப் பிரிவில் ஆட வேண்டும். 17 தப்பிக்கும், 18 இறங்கும். இறங்கினால் தொலைக்காட்சி உரிமைப் பணம் சரிகிறது. அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளச் சில ஆண்டுகளுக்கு 'பாராசூட்' தொகை என்று கொஞ்சம் கொடுப்பார்கள். அதற்குள் நல்ல ஆட்டக்காரர்களை விற்றாக வேண்டும். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களின் வேலையும் ஆட்டம் காணும். மேலே முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் இருப்பது பெருமை. கீழே 17-க்கும் 18-க்கும் நடுவில் இருப்பது பிழைப்பு. எந்த ஆட்டத்தை ரசிகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார், நடுவர் அவர்களே?

2005 மே 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லீகின் கடைசி நாள். காலையில் நார்விச் 33 புள்ளி, சவுத்தாம்ப்டன் 32, கிரிஸ்டல் பேலஸ் 32, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 31. நான்கில் ஒன்றுதான் பிழைக்கும். ஆல்பியன் கிறிஸ்துமஸ் சமயத்திலேயே கடைசி இடத்தில் கிடந்த அணி. அப்படிக் கிடந்து தப்பிய அணி பிரீமியர் லீகில் அதுவரை ஒன்றுகூட இல்லை. அன்று போர்ட்ஸ்மவுத்தை 2-0 என்று வென்றார்கள். ஆனால் வென்றால் மட்டும் போதாது, மற்ற மூன்றும் வழுக்க வேண்டும். நார்விச் ஃபுல்ஹாமிடம் 6-0 என்று உதை வாங்கியது. சவுத்தாம்ப்டன் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது. பேலஸோ சார்ல்டன் மைதானத்தில் 2-1 என்று முன்னிலை. அது அப்படியே முடிந்திருந்தால் பிழைப்பது பேலஸ். எட்டு நிமிடம் இருக்கும்போது சார்ல்டன் ஒரு தலைமுட்டில் சமன் செய்தது. 34 புள்ளியோடு ஆல்பியன் தப்பியது. தங்கள் ஆட்டம் முடிந்த பிறகும் வேறொரு மைதானத்தின் முடிவுக்காகக் காத்து நின்ற அந்தக் கூட்டம் வெடித்ததே, எந்தக் கோப்பை விழாவிலாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா?

போராடும் கிளப்பின் ரசிகர் எதையெல்லாம் கற்றுக்கொள்கிறார் தெரியுமா? புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். தன் அணியின் ஆட்டம் மட்டுமல்ல, 16, 18, 19-ஆம் இடக்காரர்கள் யாரோடு, எங்கே மோதுகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். வெளி மைதானத்தில் கோலே இல்லாமல் எடுத்த டிரா எவ்வளவு பெரிய செல்வம் என்று அவருக்குத்தான் தெரியும். 40 புள்ளி வந்தால் தப்பிக்கலாம் என்பது ரசிகர்களின் பழைய கணக்கு. அதையும் முழுசாக நம்ப முடியாது, 2003-இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. ஆகவே தொண்ணூறாவது நிமிடத்தில் 3-0 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போதுகூட நான்காவது கோல் விழக்கூடாதே என்று பதறுகிறார். மே மாதத்தில் புள்ளி சமமாக நின்றால் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம், தூக்கிவிடலாம், கவிழ்த்தும் விடலாம். எதிரணி நண்பரின் கிளப் மூன்று கோல் முன்னிலையில் இருந்தால் அவர் கடைசிப் பத்து நிமிடம் வாகன நெரிசலைத் தவிர்க்கக் கிளம்பிவிடுவார். எங்கள் ஆள் அசைய மாட்டார்.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 1987 மே 9. நான்காம் பிரிவின் கடைசி அணி கால்பந்து லீகிலிருந்தே நேரடியாக வெளியேற வேண்டும் என்ற விதி முதன்முதலாக வந்த ஆண்டு அது. பர்ன்லி அந்தக் குழியின் விளிம்பில் நின்றது. 1888-இல் லீகைத் தொடங்கிய 12 கிளப்களில் ஒன்று, 1960-இல் இங்கிலாந்தின் சாம்பியன்! அன்று ஓரியன்ட்டை 2-1 என்று வென்று தப்பியது. அதே விளிம்பில் நின்ற இன்னொரு அணியான டார்க்கியின் மைதானத்தில் நடந்ததுதான் விசித்திரம். க்ரூ அணியிடம் 2-0 என்று பின்தங்கிய டார்க்கி ஒரு கோலைத் திருப்பியது. அப்புறம் மைதான ஓரத்தில் நின்ற காவல்துறை நாய் ஒன்று பாய்ந்து டார்க்கியின் ஜிம் மெக்நிக்கலைக் கடித்துவிட்டது. சிகிச்சைக்குப் போன நேரம் ஆட்டத்தின் முடிவில் சேர்க்கப்பட்டது. அந்தக் கூடுதல் நிமிடங்களில் பால் டாப்சன் கோல் அடித்தார். 2-2. அந்த ஒரு புள்ளியால், கோல் வித்தியாசத்தில் டார்க்கி பிழைத்தது, லிங்கன் சிட்டி வெளியேறியது. கரணம் தப்பினால் மரணம் என்ற நிலையில்தான் இப்படி ஒரு கதை பிறக்கும். அங்கே இருந்தவர்கள் அதைச் சாகும்வரை சொல்வார்கள்.

"தப்பித்தவர்கள் கதையை மட்டும் சொல்கிறீர்களே" என்று எதிரணியில் ஒரு நண்பர் முணுமுணுப்பது கேட்கிறது. சரியான கேள்வி, மறைக்க மாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் மூன்று அணிகள் இறங்கியே தீரும். 2007-08-இல் டெர்பி கவுன்ட்டி எடுத்தது 38 ஆட்டத்தில் 11 புள்ளி, ஒரே ஒரு வெற்றி. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளிலும், புதிதாக மேலே வந்த மூன்று அணிகளும் வந்த வழியே திரும்பின. பணம் மேலே குவிகிறது, கீழிருந்து வருகிறவர் காலூன்றுவது கடினமாகிவிட்டது. வலி இருக்கிறது, நடுவர் அவர்களே. என் வாதமே அந்த வலியின் மேல்தான் நிற்கிறது. இழக்க ஒன்றும் இல்லாத இடத்தில் பற்று எப்படி வளரும்?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர்தான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தார். "தோற்றாலும் ரசிகர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் முதலாளி எதற்காகக் காசு போடுவான்? உங்கள் விசுவாசம்தான் கிளப்பைக் கெடுக்கிறது" என்றார். கூர்மையான அம்பு. ஆனால் போராடும் கிளப்பின் ரசிகர் வாயை மூடிக்கொண்டு வருகிறவர் என்று யார் சொன்னது? 2022-இலும் 2023-இலும் எவர்ட்டன் விளிம்பில் தொங்கியபோது, அதே ரசிகர்கள்தான் நிர்வாகத்தை எதிர்த்துப் பதாகை பிடித்தார்கள். அணியின் பேருந்து வரும் தெருவில் ஆயிரக்கணக்கில் நின்று பாடியதும் அவர்கள்தான். 2022 மே 19 அன்று கிரிஸ்டல் பேலஸிடம் பாதி ஆட்டத்தில் 2-0 என்று பின்தங்கி 3-2 என்று வென்றார்களே, அந்த இரவில் முதலாளி யார் என்பது எவருக்கும் நினைவில் இல்லை. கிளப் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்பது விளிம்பில் நிற்கிறவருக்குத் தெளிவாகத் தெரியும்.

ஜெர்மனியின் யூனியன் பெர்லினைப் பாருங்கள். 2004-இல் கீழே சரிந்துகொண்டே, அடுத்த ஆண்டு ஆடுவதற்கான உரிமத்துக்குக்கூடப் பணமில்லாமல் நின்றது அந்தக் கிளப். ரசிகர்கள் ரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். பின்னர் 2008-09-இல் மைதானத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, 2,000 பேருக்கு மேல் கூலி வாங்காமல் சுமார் 1,40,000 மணி நேரம் உழைத்தார்கள். படிக்கட்டுக்குக் காங்கிரீட் போட்டதே ரசிகர்கள். 2019-இல் யூனியன் முதன்முறையாக ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவுக்கு ஏறியது, 2023-இல் சாம்பியன்ஸ் லீகில் ரியல் மாட்ரிட்டோடு ஆடியது. வெற்றியைத் தேடிப் போகிறவர் 2004-இல் அங்கே இருந்திருக்க மாட்டார்.

வெற்றி மட்டும் போதும் என்று நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்தோம். 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்கள் சூப்பர் லீக் என்று அறிவித்தன. அதைத் தொடங்கும் கிளப்களுக்கு இறக்கம் என்பதே கிடையாது! எதிரணி நண்பர்களின் கனவு லீக். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கிளப்களும் பின்வாங்கின. தெருவில் இறங்கி மறித்தது யார்? அந்தப் பெரிய கிளப்களின் சொந்த ரசிகர்களே. விழ முடியாத போட்டியில் வெல்வதற்கு மதிப்பில்லை என்று கோப்பை ரசிகர்களே சொல்லிவிட்டார்கள். என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி யார் வர வேண்டும்?

கடைசியாக லெஸ்டர் சிட்டி. 2016-இல் அது பிரீமியர் லீக் கோப்பையை வென்றதை எதிரணித் தலைவர் நெகிழ்ந்து சொன்னார். நானும் நெகிழ்ந்தேன். அதற்கு முந்தைய ஆண்டை ஏன் விட்டுவிட்டார்? 2015 ஏப்ரல் தொடக்கத்தில் லெஸ்டர் கடைசி இடம், 29 ஆட்டத்தில் 19 புள்ளி. மீதி ஒன்பதில் ஏழை வென்று 14-ஆம் இடத்தில் முடித்தார்கள். அந்த ஏழு வெற்றியையும் எண்ணி எண்ணிப் பார்த்தவர் கைக்குக் கோப்பை வந்தபோது அதன் கனம் வேறு. அதே லெஸ்டர் 2023-இல் இறங்கியது, மறுபடி ஏறி 2025-இல் மீண்டும் இறங்கியது. 2016-இல் புதிதாகச் சட்டை வாங்கியவர்களில் எத்தனை பேர் இன்னும் கூட நிற்கிறார்கள்? சண்டர்லாந்து 2017, 2018 என்று அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்து மூன்றாம் பிரிவுக்குப் போனது. அந்த மூன்றாம் பிரிவில், 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 46,039 பேர். அவர்கள் திரும்பப் பிரீமியர் லீகைப் பார்க்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தார்கள்.

அந்த 46,039 பேரையும் முட்டாள்கள் என்று எதிரணி சொல்லட்டும் பார்க்கலாம். அவர்கள் பக்கம் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.