மெழுகுக் கட்டிக்குள் ஒரு கணக்கு

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் நோயாளிகளை நேரில் பார்த்து மருந்து எழுதும் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கட்டியை வெட்டி, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜிஸ்ட். ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் கையெழுத்துதான் என்னைப் பற்றி நோயாளிக்குத் தெரிந்ததெல்லாம். இருந்தாலும் சிலர் தேடிவந்து கதவைத் தட்டத்தான் செய்கிறார்கள்.

அப்படி வந்தவர் ஓர் இளைஞர். அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி, ஆபரேஷன் முடிந்துவிட்டது, இரண்டாம் நிலை. ஒன்றரை வருடம் மூலம் என்றே நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். மின்சார ரயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் மூலம், பவுத்திரம் நோட்டீஸ்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாதிரி ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சரி, அது வேறு கதை. அவர் கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே ஸ்லைடுகளும் மெழுகு பிளாக்குகளும். "மேடம், ஜீன் டெஸ்ட் ஒண்ணு இருக்காமே. அதை எடுத்தா அப்பாவுக்கு மறுபடி வருமா வராதான்னு தெரிஞ்சிடுமாம். ஜாதகம் மாதிரியா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு அவசரமாகச் சொன்னதை இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. கண்ணுக்கும் குடலுக்கும் வித்தியாசம் வருவது, எது வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்பதில். வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுத்து அனுப்பும். நிறைய நகல் இருந்தால் நிறைய வேலை நடக்கிறது என்று பொருள். அந்த நகல்களை எண்ணிப் பார்ப்பதுதான் மரபணுச் செயல்பாட்டுப் பரிசோதனை. ஜாதகம் பிறந்த நேரத்தோடு எழுதி முடிந்துவிடுகிறது. இதுவோ, கட்டியை வெட்டி எடுத்த அன்றைக்கு அதற்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதன் பதிவு.

இந்தப் பதிவு யாருக்குத் தேவை? முதல் நிலைக்காரர்களுக்கு ஆபரேஷனே பெரும்பாலும் போதும். மூன்றாம் நிலையில் நிணநீர் முடிச்சு வரை நோய் போயிருக்கும், பொதுவாக கீமோ கொடுப்பார்கள். இழுபறி இரண்டாம் நிலையில்தான். முக்கால்வாசிப் பேருக்கு மேல் கத்தியோடு நோய் முடிந்துவிடும். 2007இல் குவாசர் என்ற பெரிய பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு வந்தது. 3,239 பேர், பெரும்பாலும் இரண்டாம் நிலை. கீமோவால் கூடுதலாகப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். அந்த நாலு பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் மீதிப் பேருக்கு மருந்தை மிச்சப்படுத்தலாமே! கீமோ சும்மா வரும் விஷயமில்லை. அதில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டவரைக் கேட்டுப் பாருங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலைத் தொட்டாலே விரல் சுரீர் என்கும்.

அதற்காக வந்த பரிசோதனைகளில் ஒன்று 12 மரபணுக்களை அளந்து ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுதல் என்று பொருள். ஏழு புற்றுநோயோடு தொடர்புள்ளவை. ஐந்து ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டவை. அதே குவாசர் ஆய்வின் பழைய மெழுகு பிளாக்குகளில் 1,436 பேருடையதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில், குறைந்த ஆபத்து என்று வந்த குழுவில் மூன்று வருடத்துக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 12 பேருக்கு. நடுக் குழுவில் 18. அதிக ஆபத்துக் குழுவில் 22.

இதைச் சொன்னதும் அந்தத் தம்பி விரல்விட்டு எண்ணினார். "அப்போ மோசம்னு வந்தாலும் 78 பேர் நல்லாதான் இருப்பாங்களா?" என்றார். அந்த மூன்று வருடக் கணக்குப்படி ஆமாம். நல்ல குழு என்று வந்தாலும் 12 பேருக்குத் திரும்புகிறது. ஒருவரைப் பிடித்து நிறுத்தி உனக்கு வரும், உனக்கு வராது என்று சொல்ல இந்த எண்ணால் முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. மதிப்பெண் கூடினால் கீமோ கூடுதலாகப் பலன் தருமா என்று பார்த்தார்கள். அப்படி எதுவும் தெரியவில்லை. நோய் எப்படிப் போகும் என்று சொல்வது ஒன்று, மருந்து கேட்குமா என்று சொல்வது வேறு. முதலாவதைத்தான் இது ஓரளவுக்குச் செய்கிறது. கீமோவை முடிவு செய்ய இந்தப் பரிசோதனைகளை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான என்.சி.சி.என்.னின் வழிகாட்டியும் பரிந்துரைக்கவில்லை.

எனக்குப் பிடித்த கதை இதற்கு அப்புறம் வருகிறது. 2015இல் ஆறு ஆய்வுக் குழுக்கள் தங்கள் தங்கள் வகைப்பாடுகளை ஒன்றுசேர்த்து, பெருங்குடல் புற்றுநோயை மரபணுச் செயல்பாட்டின்படி நான்கு வகையாகப் பிரித்தார்கள். கிட்டத்தட்ட கால்வாசிக் கட்டிகள் நான்காம் வகை. ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்புவது அதில்தான் அதிகம். அந்தக் கட்டிகளில் வேலை செய்யும் மரபணுக்களைப் பார்த்தவர்கள், புற்றுச் செல்லே உருமாறி ஓடத் தயாராகிவிட்டது என்று நினைத்தார்கள். அதே வருடம் இத்தாலியில் ஒரு குழு கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தது. மனிதக் கட்டியை எலியில் வளர்த்தால் புற்றுச் செல் மனிதனுடையதாகவே இருக்கும். அதைச் சுற்றிய நார்த்திசு எலியுடையதாகிவிடும். ஆர்.என்.ஏ. எழுத்துகள் இரண்டுக்கும் வேறு. ஆகவே எது யார் குரல் என்று பிரித்துவிடலாம். பிரித்துப் பார்த்தால், அந்தக் கெட்ட சமிக்ஞையில் பெரும்பங்கு புற்றுச் செல்லிலிருந்து வரவேயில்லை, சுற்றியிருந்த நார்த்திசுச் செல்களிலிருந்து வந்தது. பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நார்தான் பேசியிருக்கிறது, நாம் அதைப் பூ என்று குறித்துக்கொண்டோம். இருபது வருடமாக அந்த இளஞ்சிவப்பு நார்த்திசுவைத் தாண்டித்தான் புற்றுச் செல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது அங்கேயும் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். ஒரே கட்டியில் எந்த ஓரத்திலிருந்து துண்டு எடுத்தோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

அந்தத் தம்பியிடம் அப்பாவின் ரிப்போர்ட்டை வாங்கி நான் முதலில் பார்த்தது மரபணுவை அல்ல. எத்தனை நிணநீர் முடிச்சு எண்ணியிருக்கிறார்கள்? குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். குறைவாக எண்ணினால் மூன்றாம் நிலையை இரண்டாம் நிலை என்று ஏமாந்துவிடலாம். அப்புறம், டி.என்.ஏ.வை நகல் எடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள் நான்கும் இருக்கின்றனவா? இது சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை, சென்னையிலேயே செய்கிறார்கள். இரண்டாம் நிலையில் அதில் ஒன்று காணாமல் போயிருந்தால் நோய் பெரும்பாலும் சாதுவாக இருக்கும், ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுத்துப் பெரிய பயனில்லை. பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அப்போது பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவர் அப்பாவின் ரிப்போர்ட்டில் முடிச்சு பதினேழு. எம்.எம்.ஆர். பார்த்திருக்கவில்லை. கொண்டுவந்த பிளாக்கிலேயே அதைச் செய்தோம்.

பிளாக்குகளைத் திருப்பிக் கொடுத்தபோது, "வேலை முடிஞ்சிடுச்சே மேடம், இதை வீட்ல வெச்சுக்கணுமா?" என்றார். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாளைக்கு நம்பகமான பரிசோதனை ஒன்று வந்தால் அது கேட்கப்போவது இந்த மெழுகுக் கட்டியைத்தான். ஃப்ரிட்ஜ் வேண்டாம், பீரோ போதும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும் என்றேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "பைக்குலதான் வந்தேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வணக்கம்.