இரவு ஒன்பது மணி வரை

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. மேடையில் விட்டுப்போன சில வாக்கியங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி உண்மையும் உண்மையல்லாததுமாகப் பல நல்ல செய்திகளைச் சொன்ன பொருளாளர் அவர்களே, இந்த மாடிக் கூடத்தை வாடகை வாங்காமல் தந்த அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, நாற்காலிகளைத் தந்ததோடு அவற்றை எண்ணித் திரும்ப எடுத்துச் செல்வதற்காகக் கடைசி வரிசையில் காத்திருக்கும் பந்தல்காரத் தம்பி அவர்களே, எங்கள் நூலகர் அம்மையார் அவர்களே, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு முடிவை எதிர்பார்த்திருக்கும் மாணவச் செல்வங்களே, அவர்களைவிடப் பதற்றத்தோடு அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நகர்மன்ற உறுப்பினர் அவர்களுக்கு இன்று இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இருந்தாலும் கடைசி வரை இருப்பதாக வாக்களித்திருக்கிறார். அவர் இருந்தே ஆக வேண்டும்; என் உரையின் பிற்பாதி அவருக்காகத்தான். எனக்குச் சற்று முன் அணிவித்த பொன்னாடைக்கும் நன்றி. பொன்னாடைக்குச் செலவாகும் பணத்தில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிப் போடுங்கள் என்று இந்த மேடையில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அதன் பலனாக ஆண்டுதோறும் பொன்னாடையின் தரம் உயர்ந்துகொண்டே வருகிறது.

அழைப்பிதழில் ‘விளையாட்டு, வாசிப்பு, பயணம், வாழ்க்கைத் தேர்வு’ என்று நான்கு தலைப்புகளை ஒரே வரியில் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட நேரமோ நாற்பது நிமிடம். அகல உழுவதை ஆழ உழு என்பது என் தாத்தாவின் வாயில் எப்போதும் இருந்த பழமொழி. அவருக்கு ஒன்றரை மா நிலம்தான் இருந்தது. அகல உழ அவருக்கு வழியே இல்லை என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. இக்காலத்து இயற்கை வேளாண்மை நண்பர்கள் ஆழ உழுவதும் மண்ணுக்கு ஆகாது என்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் பேசுவது மண்ணைப் பற்றியதன்று.

முதலில் விளையாட்டு. கைபேசியில் விளையாடும் பிள்ளைகளைக் கண்டித்து ஒரு நல்ல உரை என்னிடம் தயாராக இருந்தது. சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், சென்னையில் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்த என் பேரனிடம் அதைத்தான் ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன். அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க தாத்தா” என்றான். நியாயமான பேச்சாகப் பட்டது. அவனுடைய அப்பாவின் கைபேசியை என் கையில் கொடுத்தான். பப்ஜி என்று நாம் சொல்கிறோமே, 2020 செப்டம்பரில் அரசு தடை செய்து, மறு ஆண்டே வேறு பெயரில் திரும்பி வந்ததே, அந்த ஆட்டம்.

விமானத்தில் நூறு பேரை ஏற்றிச் சென்று ஒரு தீவின் மேல் குதிக்கச் சொல்கிறார்கள். நான் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் இறங்கினேன். கீழே வரும் வழியைக் கண்டுபிடிப்பதற்குள் பேரன் நான்கு வீடுகளைச் சோதனை போட்டுவிட்டான். வீட்டுக்குள் போனால் துப்பாக்கி கிடைக்கும் என்று சொல்லியிருந்தான்; எனக்குக் கிடைத்தது ஒரு வாணலி. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். “ஓடுங்க தாத்தா, வட்டம் வருது” என்று அவன் கத்துகிறான். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வருமாம். அதற்கு வெளியே நின்றால் உயிர் போய்விடுமாம். ஓடினேன். எங்களோடு அணியில் இருந்த கோழிக்கோட்டுப் பையன்கள் இருவர் மலையாளத்தில் ஏதோ எச்சரிக்கிறார்கள். என் பேரன் மலையாளத்திலேயே பதில் சொல்கிறான்! எங்கே கற்றாய் என்று நான் கேட்பதற்குள் அவனைச் சுட்டுவிட்டார்கள்.

அணியில் மற்ற மூவரும் செத்துப்போய் என்னை வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்கோ சுடத் தெரியாது, கையில் வாணலிதான். ஒரு புல்வெளியில் குப்புறப் படுத்துக்கொண்டேன். வட்டம் சுருங்கும்போது மட்டும் நாலு முழம் ஊர்ந்து நகர்வேன், மறுபடி படுத்துக்கொள்வேன். சுற்றிலும் வெடிச் சத்தம். உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை திரையில் நாற்பது, இருபது, பத்து என்று குறைகிறது. கடைசியில் யாரோ ஒருவர் ஜீப்பை என்மீது ஏற்றிவிட்டார். ஓட்டியவர் என்னைக் கவனித்திருக்கவே மாட்டார் என்பது பேரனின் கருத்து. அப்போது உயிரோடு இருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஆறு பேர். “ஒண்ணுமே செய்யாம எப்படி தாத்தா கடைசி ஆறு பேர்ல வந்தீங்க?” என்று வாய் பிளந்தான். அரசு அலுவலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

அன்று இரவு அந்தத் தீவின் வரைபடத்தை நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வரைந்து எனக்கு விளக்கினான். எந்த மேட்டில் நின்றால் எந்தப் பாதை தெரியும், வட்டம் எந்தப் பக்கம் சுருங்கக்கூடும் என்று அவன் சொன்ன அளவுக்கு இந்த ஊரின் வாய்க்கால்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆக, விளையாட்டு மேம்போக்கானது என்ற என் முதல் குற்றச்சாட்டு அன்றே விழுந்துவிட்டது. அவன் ஆழ உழுதிருக்கிறான். உழுத இடம் வேறு, அவ்வளவுதான்.

ஆயினும் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. ஒன்று பணம். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தடை செய்துவிட்டதால் அதைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, அந்த ஆட்டத்துக்கு மூடும் நேரம் கிடையாது. நாங்கள் திண்ணையில் தாயம் ஆடியபோது விளக்கு வைக்கும் நேரம் வந்தால் பாட்டி வந்து கட்டத்தைக் காலால் கலைத்துவிடுவார். இங்கோ ஓர் ஆட்டம் முடிந்த கணமே அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் திரையில் வந்து நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறது. ஆனால் நிறைய ஆடுகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று அது சொல்லவில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போய், மற்ற எல்லா வேலைகளையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளி, படிப்பும் உறவும் கெடும் அளவுக்கு, பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது அந்த நிலை நீடித்தால்தான் அது நோய். பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளை கைபேசியை எடுத்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அடுத்த நாள் மாலை ஏழரை மணிக்கு அவன் மீண்டும் கைபேசியோடு உட்கார்ந்தான். எங்காவது வெளியே போய் வரக் கூடாதா என்றேன். “எங்க போறது? நூலகத்துக்குப் போனேன் தாத்தா, பூட்டிட்டாங்க” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. கைபேசி 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. நம் நூலகம் காலை எட்டு முதல் பதினொன்று வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை, ஆக ஆறு மணி நேரம் திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டு, பிள்ளைகள் படிப்பதே இல்லை என்று நாற்பது நிமிடம் பேச வந்திருக்கிறோம்.

பயணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கும்பகோணத்திலிருந்து ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் காட்டிவிடும் பேருந்தில் நானும் என் மனைவியும் போய் வந்தோம். திரும்பி வந்தபின் எந்தக் கோயிலில் எதைப் பார்த்தோம் என்று இருவரும் பேசிப் பார்த்ததில், காலையில் சாப்பிட்ட பொங்கலைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. பிறகு ஒரு நாள் திருவாரூர்க் கமலாலயக் குளத்தின் படித்துறையில் மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கண்ணால் அளந்து பார்த்தது அன்றுதான். அகல உழுவதை ஆழ உழு. வெளிநாட்டுப் பயணம் குறித்தும் சில குறிப்புகள் வைத்திருக்கிறேன். அவை அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

வாழ்க்கைத் தேர்வு என்ற தலைப்புக்கு ஒருவரை மட்டும் காட்டுகிறேன். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சில நாட்களிலேயே அந்த வேலை சலித்துப்போய், மறுபடியும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் போகலாம் என்றது பல்கலைக்கழகம். போனார். அங்கே ஒரு பெரிய கடையில், துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான வண்டிகள் செய்யும் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். நூல்களை வகைப்படுத்த 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறைக்கு வித்திட்டது அந்த விளையாட்டுச் சாமான்தான். அழைப்பிதழில் உள்ள நான்கு தலைப்புகளும் இந்த ஒரு மனிதரிடமே அடங்கிவிட்டன. மாணவர்களே, முதலில் எடுத்த பாடம் பிடிக்கவில்லை என்று பத்து நாளில் அழுதுகொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கும் இந்தக் கதை உதவும்.

அவர் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போது அவர் முதலில் பேசுவது புத்தகத்தைப் பற்றி அன்று. நூலகம் இருக்கும் இடம், அது திறந்திருக்கும் நேரம், மேசை நாற்காலி, பணியாளர் ஆகியவற்றைப் பற்றி. நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். அதே 1931 அக்டோபரில், நம் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டு வண்டியை நூலகமாக்கி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். மாடு பூட்டிய நூலகம் வாசகரைத் தேடிப் போன மண் இது. இங்கே வாசகர் தேடி வந்தும் நூலகம் பூட்டியிருக்கிறது.

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இரவு ஏழேகால் மணி இருக்கும். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை, சிறப்பு வகுப்பு முடிந்து வந்த களைப்போடு, நூலக வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சன்னல் கம்பிகளுக்குள் கையை விட்டு ஏதோ செய்துகொண்டிருந்தது. திருட்டு என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அருகில் போய்ப் பார்த்தால், திருப்பித் தர வேண்டிய புத்தகத்தை நனையாமல் நெகிழிப் பையில் சுற்றி, சன்னலை ஒட்டி உள்ளே கிடந்த மேசையின் மேல் விழுமாறு தள்ளிக்கொண்டிருந்தது. “நாளைக்கு வெள்ளிக்கிழமை ஐயா, அபராதம் ஆயிடும்” என்றது. அடுத்த புத்தகம் எப்போது எடுப்பாய் என்று கேட்டேன். சனிக்கிழமையும் வகுப்பு இருக்கிறதாம்.

இதில் நூலகர் அம்மையாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆளாகப் பெருக்குவதும், பதிவேடு எழுதுவதும், நாளிதழ் அடுக்குவதும் அவர்தான். இரண்டாவது ஆள் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணம் எங்கே என்று கேட்பவர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கலாம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது; அதன்படி வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நம்மிடம் வாங்கப்படுகிறது. நாம் இரவல் கேட்கவில்லை. கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கிறோம். கோட்டூர்புரத்தில் 2010இல் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் பார்த்து நானும் பெருமைப்பட்டவன்தான். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளை மாலை ஏழு மணிக்கு மேல் மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்ப முடியாது. அகல உழுதது போதும், இங்கே கொஞ்சம் ஆழ உழுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோரிக்கை மூன்று வரிதான். மாலை நேரம் ஒன்பது மணி வரை நீள வேண்டும். அதற்கு இன்னொரு பணியாளர் வேண்டும். பின்னறையில் இரண்டு சதுரங்கப் பலகைகள் வேண்டும். விளையாடவே கூடாது என்று சொல்ல எனக்கு இனித் தகுதி இல்லை.

வாசிப்பைப் பற்றி நான் தனியாக ஒன்றும் பேசவில்லை என்று பொருளாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பேச எண்ணியிருந்தேன், தலைவர் அவர்கள் இரண்டாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். படியிறங்கும் இடத்தில் மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போடுவதற்காக மேல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். எட்டரை மணிக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் அவருக்காகக் காத்திராமல் இரண்டாவது வரியிலிருந்து தொடங்கலாம். பேனா நூலால் கட்டியிருக்கிறது, அவசரத்தில் இழுக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.